எதிர்ப்புப் பூஜ்யம்

எண்பத்தாறாவது வீடு.
டேப்லெட்டில் பதினேழு சதவீதம் சார்ஜ்.
பள்ளத்தூருக்குக் கிழக்கே
செம்புரான் மண் அப்பிய செருப்போடு
இயற்கைக்கு விலை கேட்டுப் போகிறேன்.
நாளுக்கு அறுநூற்றைம்பது, பெட்ரோல் தனி.

சில விலைகள் சுலபம்.
ஊருணி வற்றிய வருடம்
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றதை
டேங்கர் ஓட்டும் சேவுகன் ஒளிக்கவில்லை.
"மழை பெஞ்சா எனக்கு நட்டம்தான் தாயி, எழுதிக்க."
எழுதிக்கொண்டேன்:
குடிநீர், மாற்றுச்செலவு முறை.
ஓட்டிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து வாய்க்கால்,
வாய்க்காலிலிருந்து ஊருணி வரை
மேகம் பார்த்த கூலி வேலைக்கு
அவருடைய லாரிதான் ரசீது.

மீன் குத்தகை: ஏலத் தொகை பஞ்சாயத்து நோட்டில் உண்டு.
வண்டல்: டிராக்டர் நடைக்கு இவ்வளவு.
விரால் குஞ்சு ஒதுங்கும் கோரைக்குக் கட்டம் இல்லை,
"இதர" என்பதில் போட்டேன்.
பூட்டிக் கிடக்கும் எட்டாம் நம்பர் வீட்டின்
இரண்டாங்கட்டு விட்டத்தில் வௌவால்கள்
ராத்திரிக்கு ராத்திரி இறங்கி
ஏக்கருக்கு நூற்றுப்பத்து ரூபாய்ப் பூச்சியைத் தின்கின்றன,
வேறெங்கோ யாரோ போட்ட விகிதப்படி.
வீட்டுக்காரர் சிங்கப்பூரில்.
"குடியிருப்போர்" என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினேன்.

தள்ளுபடி வீதம் எட்டு என்றார்
முனைவர் மெய்யம்மை, ஸூமில்.
ஐம்பது வருடம் கழித்து விழப்போகும் நூறு ரூபாய் நிழல்
இன்றைக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று காசு.
வட்டி குட்டி போடும் என்று
பேரேடு பேரேடாக எழுதிய சீமையில் உட்கார்ந்து
பிறக்காத பிள்ளையின் தண்ணீரை
வருடாவருடம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

செம்பனேந்தல் கண்மாய்க் கரை.
அடைக்கி, வயது நாற்பத்தாறு, வெள்ளாடு நாற்பத்தொன்று.
கேள்வி முப்பத்தொன்று:
இந்தக் கண்மாயைக் காக்க மாதம் எவ்வளவு தருவீர்கள்?
"இருநூறு. தீவாளி மாசம் மட்டும் நூறு."
கேள்வி முப்பத்திரண்டு:
கண்மாயே இல்லாமல் போவதென்றால்
ஈடாக எவ்வளவு வாங்கிக்கொள்வீர்கள்?
குட்டியொன்று என் அடையாள அட்டையின் நாடாவை மென்றது.
"யாரு தூக்கிட்டுப் போறா?"
யாருமில்லை, ஒரு பேச்சுக்கு.
"பேச்சுக்குன்னா எதுக்கு ரூவா?"
எண் ஒன்று அழுத்தாவிட்டால்
அடுத்த பக்கம் வராது என்றேன்.
"அப்ப வர வேணாம்."

பூஜ்யம் அழுத்தினேன். வந்தது.

காரைக்குடி, செக்காலை ரோடு, மாடி அறை.
ஓடாத ஏசிக்குக் கீழே முனைவர் சொன்னார்:
பூஜ்யம் இரண்டு வகை.
ஒன்று, எனக்கு அது பொருட்டில்லை என்பது.
மற்றது, நீ கேட்பதே தப்பு என்பது.
இரண்டாவதற்கு எதிர்ப்புப் பூஜ்யம் என்று பெயர்,
கணக்கில் சேர்ப்பதில்லை.
அவர் கெட்டவர் இல்லை.
இந்த எண்ணைக் காட்டித்தான்
வரத்துக்காலில் வரவிருந்த மனைப்பிரிவை நிறுத்த வேண்டும்;
கலெக்டர் ஆபீஸில் கொக்கைக் கொண்டுபோய்க் காட்ட முடியாது.

ஐம்பத்துமூன்று வரிகள். நீக்கினேன்.
சராசரி அடங்கி உட்கார்ந்தது.
எழுபத்துநான்கு கண்மாய், ஊருணிகள், பொட்டல், புதர்:
ஆண்டுக்கு நாற்பத்திரண்டு கோடி, முழுதாக்கிய எண்.

நீக்கிய வரிகளைத் தனித் தாளில் வைத்தேன்.
தாளுக்குப் பெயர் கேட்டது கணினி.
களத்தில் முதல் மரக்காலை
யாரும் ஒன்று என்று எண்ணுவதில்லையே,
அந்தச் சொல்லைத் தட்டினேன்:
லாபம்.

ஆறாம் தேதி காலை தெரியாத நம்பர்.
பின்னால் ஆட்டுச் சத்தம்.
"கண்மாய்க்கு இருநூறுன்னு சொன்னேன்ல,
யாருகிட்டக் கட்டணும்?"

நீக்கிய வரியில்தான்
அதுவும் இருந்தது.